மென்தோலுக்கு ஏற்ற எண்ணெயும் பூச்சும்: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகள்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

தோல் நலத்தை வேண்டி மக்கள் வந்து சேரும் ஊர்களுள் சங்கரன்கோவிலும் ஒன்று. சங்கரநாராயண சுவாமி திருக்கோயிலில் பெறும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதும், சரும நோய் தீர வேண்டிக்கொண்டு அதனை உடலில் பூசுவதும், நாகசுனைத் தீர்த்தத்தைப் போற்றுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். ஆடித்தபசுத் திருவிழாவிற்குத் திரளும் மக்களுள் இத்தகைய வேண்டுதலோடு வருவோர் பலர். தோலில் உண்டாகும் துன்பத்தை நம் மக்கள் ஒருபோதும் சிறிதாக எண்ணியதில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், வேண்டுதலை முடித்து வீடு திரும்பிய பின், அன்றாடம் தோலைப் பேணும் பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

நம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று தோலின் ஈரத்தையும் கவர்ந்து செல்கிறது. கரிசல் நிலத்தில் வெறுங்காலோடு நின்று உழைப்போருக்குக் குதிகால் வெடிக்கிறது. கைக்குழந்தைக்குக் கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து அரிக்கின்றன. முதியோருக்குக் கெண்டைக்கால் வறண்டு செதிலெழுகிறது. காற்று, வெயில், சோப்பு, வியர்வை ஆகிய சிறு காரணங்களாலும் எளிதில் சிவந்து, அரித்து, எரியும் தோலையே இக்கட்டுரையில் மென்தோல் என்கிறோம்.

இத்தகைய தோலுக்கு உகந்த எண்ணெயையும் பூச்சையும் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் 'இயற்கைப் பொருள், ஆகவே தீங்கில்லை' என்னும் எண்ணத்தோடு இவ்வேலையில் இறங்குவது தவறு. சேங்கொட்டையும் இயற்கைப் பொருளே. அதன் பால் பட்ட இடம் கொப்புளிக்கும். எருக்கம்பாலும் இயற்கையே. மென்தோலுக்கு வேண்டுவது சேர்மானம் மிகுந்த தைலமன்று. தூயதான ஒரே எண்ணெய், சிறிதளவு, நீர் கலவாமல். இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1. தோல் வறள்வது ஏன்?

தோலின் மேலடுக்கைக் காரையிட்டுக் கட்டிய சுவருக்கு ஒப்பிடலாம். காய்ந்த உயிரணுக்கள் கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு, காரை. காரை உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உள்ளே புகும். அப்போதே அரிப்பும் சிவப்பும் தோன்றுகின்றன.

நல்ல நிலையிலுள்ள தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சோப்போ காரத்தன்மை உடையது. நாள்தோறும் உடல் முழுதும் சோப்பை அழுத்தித் தேய்த்தால் தோலின் கொழுப்பும் கரைந்து போகிறது. ஆகவே எண்ணெயைப் பற்றி எண்ணுமுன் சோப்பைக் குறைக்க வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும். வெந்நீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்கும் இளஞ்சூடே அளவு.

குளித்த பின் மூன்று நிமிடங்களுக்குள், உடலில் சிறிது ஈரம் இருக்கும்போதே எண்ணெயைத் தடவினால் அந்த ஈரம் தோலிலேயே தங்கும். குளிக்குமுன் தேய்த்துப் பின்பு அரப்பாலும் சீயக்காயாலும் முற்றிலும் போக்கிவிடும் எண்ணெயைவிட இது வறண்ட தோலுக்குப் பெரிதும் பயன்படும்.

2. எந்த எண்ணெய் உகந்தது?

தேங்காயெண்ணெய்: இதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்புடையது. விரைவில் சிக்குநாற்றம் கொள்ளாது. மும்பையில் நடத்தப்பெற்று 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தேங்காயெண்ணெய் தேய்க்கப்பெற்ற குறைமாதக் குழந்தைகள், கனிம எண்ணெய் தேய்க்கப்பெற்றவர்களைவிட விரைவாக எடை கூடினர்.

சூரியகாந்தி எண்ணெய்: தோலின் காரையைச் செப்பனிட உதவும் லினோலிக் அமிலம் இதில் மிகுதி. டாக்கா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் 33 வாரம் நிறையுமுன் பிறந்த 497 சிசுக்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வு 2005இல் வெளியாயிற்று. சூரியகாந்தி எண்ணெய் தடவப்பெற்ற சிசுக்களிடையே மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்திருந்தது. சுந்தரபாண்டியபுரம் பக்கம் மஞ்சள் விரித்தாற்போல் பூக்கும் பயிரின் எண்ணெய் இத்தகைய பயனுடையது என்பது நம் மாவட்ட விவசாயிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இது எளிதில் கெடும். சிறு புட்டிகளில் வாங்கி இரண்டு மாதங்களுக்குள் செலவிட வேண்டும்.

நல்லெண்ணெய்: எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெயைக் கெடாமல் காக்கின்றன. பெரியோருக்கும் உழைப்பாளருக்கும் ஏற்றது. சிலருக்கு எள் ஒவ்வாது. அவர்கள் தவிர்க்க வேண்டும்.

விளக்கெண்ணெய்: மிகவும் கெட்டியானது. தனியே பூசாமல், தேங்காயெண்ணெய் நான்கு பங்கிற்கு ஒரு பங்கு சேர்த்துக் குதிகால் வெடிப்பிற்கு இடலாம்.

தவிர்க்க வேண்டியவை: கடுகெண்ணெயின் காரம் தோலைச் சினக்க வைக்கும். ஆலிவ் எண்ணெய் விலை மிகுந்தது. அது தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கடலையெண்ணெயைக் கரப்பான் உள்ள குழந்தையின் புண்பட்ட தோலில் பூசலாகாது. அவ்வாறு பூசுவதற்கும் பின்னர் நிலக்கடலை ஒவ்வாமை உண்டாவதற்கும் தொடர்பிருப்பதாக 2003இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.

இங்கே ஓர் அளவுகோலையும் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு, கரப்பான் வாராமல் தடுப்பதற்கென்று நாள்தோறும் எண்ணெயோ களிம்போ பூசுவதால் பயனில்லை. இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. மென்மையாக உடலைத் தேய்த்துவிடுவது குழந்தையின் வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. ஆகவே எண்ணெய் தேய்ப்பதைத் தாயன்பின் வழக்கமாகவும், வறட்சிக்குத் துணையாகவும் கொள்வோம். நோயைத் தடுக்கும் கவசமாகக் கருத வேண்டாம்.

3. செய்முறைகள்

பாத்திரம், கரண்டி, புட்டி ஆகியவற்றைக் கொதிநீரில் இட்டு எடுத்து, வெயிலில் ஈரமற உலர்த்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் தங்கிய நீரே.

(அ) தேங்காய்ப்பால் எண்ணெய்: நன்கு முற்றிய தேங்காய் நான்கைத் துருவி, இளஞ்சூடான நீர் விட்டு அரைத்து, துணியில் இட்டுப் பால் பிழிக. பாலை மூடி ஓர் இரவு வைத்தால் ஏடு மேலே திரளும். மறுநாள் ஏட்டை மட்டும் எடுத்து அடிகனத்த உருளியில் இட்டுச் சிறு தீயில் காய்ச்சுக. இடைவிடாது கிளற வேண்டும். நீர் வற்றி, கசடு பொன்னிறமாகி அடியில் தங்கும்போது எண்ணெய் தெளிந்து நிற்கும். கசடு கருகுமுன் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுக. ஒரு துளியை எடுத்துத் திரியில் நனைத்துக் கொளுத்திப் பார்த்தால், படபடவென வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் நீர் எஞ்சியுள்ளது. மீண்டும் சிறு தீயில் வைக்க வேண்டும்.

(ஆ) செக்கு நல்லெண்ணெயைத் தெளிவித்தல்: எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். சமையலுக்கு அது குற்றமன்று. ஆனால் தோலில் பூசும் எண்ணெயில் அந்த இனிப்பும் அதனோடு சேர்ந்த ஈரமும் தங்கக் கூடாது. புதிய எண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் ஆடாமல் இறுத்துப் புட்டியில் அடைக்க வேண்டும்.

(இ) தேன்மெழுகுக் களிம்பு: தேங்காயெண்ணெய் 100 கிராம், தூய தேன்மெழுகு 20 கிராம். அகன்ற சட்டியில் நீரைக் கொதிக்க வைத்து, அதனுள் சிறு பாத்திரத்தை நிறுத்தி, அதில் இரண்டையும் இட்டு உருக்குக. எண்ணெயை நேரே தீயின்மேல் வைக்கலாகாது. மெழுகு முற்றும் கரைந்தவுடன் இறக்கி, அகன்ற வாயுள்ள புட்டியில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பு இறுகும். கோடையில் இளகுமாயின் மெழுகைச் சிறிது கூட்டலாம். குதிகால், உதடு, களைபறித்துக் காய்த்த கை ஆகியவற்றிற்கு இது நல்ல காப்பு. நீர் இல்லாதபடியால் பல மாதம் கெடாது.

(ஈ) கற்றாழைப் பூச்சு: 'லோஷன்' எனப்படும் நீர்த்த பூச்சுகள் எண்ணெயும் நீரும் கலந்தவை. நீருள்ள இடத்தில் கிருமி வளரும். கடைச்சரக்கில் அதனைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது. வீட்டில் அதற்கு வழியில்லை. எனவே வீட்டுப் பூச்சு அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்க்க வேண்டியது. கற்றாழை மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி அரைமணி நேரம் சாய்த்து வைத்தால் மஞ்சள் நிறப் பால் வடிந்துவிடும். அந்தப் பால் தோலை எரிக்கும். ஆதலால் பின்னும் நன்றாகக் கழுவ வேண்டும். தோல் சீவி எடுத்த தெளிந்த சோற்றில் இரண்டு மேசைக்கரண்டியும், தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டியும் சேர்த்து வெண்ணிறமாகும்வரை அடித்தால் பூச்சு ஆயத்தம். வெயிலில் காய்ந்த தோலுக்கு இது குளிர்ச்சி தரும். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

(உ) கஞ்சிநீர்: உப்பிடாத வடிகஞ்சியை ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் கலந்து உடலில் ஊற்றிக்கொண்டால் அரிப்புத் தணியும். புளித்த கஞ்சி ஆகாது.

புட்டியின்மேல் பொருளின் பெயரையும் செய்த நாளையும் எழுதி ஒட்டுக. வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்க. ஈரக்கையைப் புட்டிக்குள் விடாமல் கரண்டியால் எடுக்க. சிக்குநாற்றம் வந்தால் இரக்கமின்றிக் கொட்டிவிடுக. கெட்ட எண்ணெயே தோலைச் சினக்க வைக்கும்.

4. சேர்க்கக் கூடாதவை

கற்பூரம்: சளிக்கென்று தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தையின் மார்பில் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. இதனை இன்றே கைவிட வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் புகும். வாயில் சிறிதளவு சென்றாலும் குழந்தைக்கு வலிப்பு உண்டாகும். அமெரிக்க நாட்டில் கற்பூர எண்ணெயின் விற்பனையே 1982இல் தடை செய்யப்பெற்றது.

வேப்பெண்ணெய்: குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மலேசியாவில் சிறு குழந்தைகள் இவ்வாறு நஞ்சுண்டு மூளையும் ஈரலும் பாதிக்கப்பெற்ற செய்தி 1981இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. மென்தோலில் பூசினாலும் எரிச்சல் உண்டாகலாம்.

எலுமிச்சை: புளியங்குடிச் சந்தையின் பெருமை அது. ஆயினும் சாற்றை முகத்திலோ கையிலோ பூசி வெயிலில் சென்றால், தீச்சுட்டாற்போல் கொப்புளமும் பல வாரம் மறையாத கருமையும் ஏற்படும்.

வாசனைத் தைலங்கள்: யூகலிப்டஸ், இலவங்கம், புதினா முதலியவற்றின் செறிந்த தைலங்கள் மென்தோலுக்குப் பகை. மணம் வேண்டுமென்று எதையும் சேர்க்க வேண்டாம். கடை மஞ்சள்தூளில் நிறத்திற்காக ஈயக் கலப்படம் இருக்கக்கூடும். அதனையும் தவிர்ப்பது நலம்.

புற்றுமண்: நம்பிக்கையோடு நெற்றியில் இட்டுக்கொள்வதற்குத் தடையில்லை. ஆனால் எந்த மண்ணையும் திறந்த புண்ணிலோ, பிறந்த குழந்தையின் தொப்புளிலோ வைக்கலாகாது. மண்ணில் இரணஜன்னிக் கிருமி வாழ்கிறது.

5. முதலில் சோதித்துப் பார்த்தல்

எந்தப் பூச்சையும் உடல் முழுதும் தடவுமுன், முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் தடவி, ஏழு நாள் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ தோன்றினால் அது நமக்கு ஆகாது. குழந்தையாயின் காலின் ஒரு சிறிய இடத்தில் தடவி இரண்டு நாள் கவனிக்க. ஒரே சமயத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால், குற்றம் எதனுடையது என்று அறிய முடியாமற் போகும்.

6. குழந்தைக்குத் தேய்க்கும் முறை

பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் ஒரு நாளாவது பொறுத்திருக்க வேண்டும். எடை குறைந்தோ, மாதம் குறைந்தோ பிறந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பின்பே எண்ணெய் தொட வேண்டும். மற்றக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, காற்றுப் படாத அறையில், மெல்ல வருடுவதுபோல் பத்து நிமிடம் தடவினால் போதும். பால் குடித்த உடனே தேய்க்கலாகாது.

கைதேர்ந்த பாட்டிமாரின் அனுபவத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் சில பழக்கங்களை அவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் அவற்றுள் முதன்மையானது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்குதல் சீழ்க்கட்டிக்கு இடமாகும். மூக்கை நீவி உயர்த்துதலும் கைகால்களை முறுக்குதலும் வேண்டாதவை. கழுத்து, இடுக்கு மடிப்புகளில் எண்ணெயைத் தேங்கவிட்டால் வேர்க்குரு மிகும்.

முதியோர் எண்ணெய் தேய்த்த காலுடன் வழுவழுப்பான தரையில் நடக்கலாகாது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெருந்துன்பம். நீரிழிவு உள்ளோர் கால்விரல் இடுக்குகளில் எண்ணெய் இடாதிருப்பது நலம்.

7. எண்ணெய்க்கு அடங்காத நோய்கள்

இப்பகுதியை ஊராட்சி உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். எண்ணெய் தடவிக்கொண்டே காலம் கடத்தினால் சில நோய்கள் முற்றிவிடும்.

வெளிறிய அல்லது செம்மையான தேமலில் உணர்ச்சி குன்றியிருந்தால், அது தொழுநோயின் அறிகுறியாகலாம். அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை இலவசம்; வகைக்கு ஏற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் முடியும். உரிய காலத்தில் தொடங்கினால் ஊனமின்றிக் குணமடையலாம்.

இரவில் மிகுந்து, வீட்டில் பலருக்கும் பரவும் அரிப்பு சொறிசிரங்கு எனக் கொள்க. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் மீண்டும் பரவும்.

வட்டமாகப் படரும் படர்தாமரைக்குக் கடைக்காரர் கொடுக்கும் கலப்புக் களிம்பை வாங்கிப் பூசலாகாது. அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் தணிந்து, பின் பன்மடங்காகப் பரவும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய அரசு 2018இல் விதித்தது.

நீர் வடிதல், சீழ், காய்ச்சல், உடலெங்கும் சிவத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மூலிகைத் தைலத்தை விரும்புவோர் தாமே காய்ச்சாமல் அரசு சித்த மருத்துவரைக் கேட்டுப் பெறுக. 1964இல் தொடங்கப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் நமக்கு அருகிலேயே உள்ளது.

8. விற்பனையும் ஊராட்சியின் கடமையும்

1934இல் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வாயிலாக, நம் தமிழகத்தவரான ஜே. சி. குமரப்பா கிராமச் செக்கு வாழ வேண்டும் என்று பாடுபட்டார். அந்த எண்ணம் இன்றும் பொருளுடையது. உள்ளூர் எள்ளையும் சூரியகாந்தியையும் உள்ளூர்ச் செக்கில் ஆட்டினால் விவசாயிக்கும் பயன், வாங்குவோருக்கும் நம்பிக்கை.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் சில, குழந்தை எண்ணெயும் களிம்பும் செய்து விற்க முன்வருகின்றன. ஆர்வம் பாராட்டிற்குரியது. ஆனால் வீட்டிற்குச் செய்வது வேறு. விற்பனைக்குச் செய்வது வேறு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள்கள் விதிகளும், உடலில் பூசுவதற்கெனப் பொருள் செய்து விற்போர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற வேண்டுமெனக் கூறுகின்றன. 'கரப்பானைத் தீர்க்கும்' என்று புட்டியில் எழுதிவிட்டால் அது மருந்தாகவே கருதப்படும். அதற்குத் தனி உரிமம் வேண்டும். உரிமமின்றி விற்ற புட்டியால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், அக்குழுவின் பல ஆண்டு உழைப்பும் சேமிப்பும் ஒரே நாளில் அழியும். ஆகவே கடன் வாங்குமுன் உரிமத்தைப் பற்றி விசாரிக்குமாறு குழுக்களுக்கு ஊராட்சி அறிவுறுத்த வேண்டும். அதுவரை சமையலுக்கான செக்கெண்ணெயை, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோடு விற்பது அவர்களுக்கு எளிய வழி.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அங்கன்வாடியில் நடைபெறும் கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாளில் கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு எண்ணெய் தேய்க்கும் முறையைத் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் செய்து காட்டச் செய்தல். இரண்டாவது, கற்பூர எண்ணெயின் தீங்கையும் உணர்ச்சியற்ற தேமலின் பொருளையும் கிராம சபையில் எடுத்துரைத்தல். மூன்றாவது, ஊரிலுள்ள செக்கு தூய்மையாகவும் ஈரமின்றியும் இருக்கிறதா எனப் பார்த்துவருதல்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. நான்கு தேங்காயும், ஓர் உருளியும், உலர்ந்த புட்டியும் எந்த வீட்டிலும் கிடைக்கும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ளுமாயின், வரும் ஆடிக் காற்றில் நம் குழந்தைகளின் தோல் சற்றே குறைவாக வாடும்.